துணியில் இருக்கலாம், மருந்தில் கூடாது



இந்த மாதம் உங்களுக்கு ஒரு திரவத்தை அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறேன். எத்திலீன் கிளைக்கால் என்று பெயர். தொழிற்சாலைகளில் சுருக்கமாக எம்.இ.ஜி. என்பார்கள். நிறம் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வாசனையும் இல்லை, தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், லேசாகப் பிசுபிசுக்கும். இனிக்கும். அந்த இனிப்பை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஏன் என்பதைப் பிற்பாதியில் சொல்கிறேன். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில், அது எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் காலை வேளையில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு விரையும். டெய்லர், செக்கிங், ட்ரிம்மிங் என்று ஆளுக்கொரு வேலை. நாள் முழுக்க அவர்கள் மெஷினில் ஓடும் நூல் பெரும்பாலும் அந்தத் திரவத்திலிருந்து பிறக்கும் பாலியஸ்டர் நூல். சட்டை முழுப் பருத்தியாக இருந்தாலும் அதன் கையையும் உடலையும் இணைத்துத் தைத்திருப்பது பாலியஸ்டர்தான். பருத்தி நூல் வேகமான மெஷினில் அடிக்கடி அறுந்துபோகும்; இது தாங்கும். நம் தெரு டெய்லர் கடையின் கண்ணாடி அலமாரியில் நிறம் நிறமாக அடுக்கியிருக்கும் நூல்கண்டுகளும் அதே வகைதான். பருத்தியைத் தவிர வேறெதையும் உடுத்தமாட்டேன் என்று உறுதியாக இருப்பவரின் தையலிலும் அந்தத் திரவம் நூலாகி உட்கார்ந்திருக்கிறது.

நமது பக்கத்து ஆவடியில் 1961 முதல் இராணுவ உடைத் தொழிற்சாலை இருக்கிறது. அம்பத்தூர், திருமுல்லைவாயல் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் அங்கே வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவராவது இருப்பார். சீருடைத் துணி என்பது அநேகமாகக் கலப்புத் துணி. பருத்தியோடோ விஸ்கோஸோடோ பாலியஸ்டரைக் கலந்து நெய்தால் கசங்காது, சாயம் நிற்கும், துவைத்த சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சீருடையிலும் இதே கணக்குத்தான். ஒரே செட் சீருடையை இரவில் துவைத்துக் காலையில் போட்டு அனுப்புகிற வீட்டில், அந்தத் துணி விடிவதற்குள் காய்வது சின்ன உதவி இல்லை. பாலியஸ்டர் என்றாலே மட்டம் என்று பேசுகிறவர்களிடம் நான் ஒத்துப்போகாதது இந்த இடத்தில்தான். ஏழைப் பிள்ளையின் உடம்பில் கிழியாத, வெளுக்காத துணியை முதன்முதலில் போட்டுப் பார்த்தது அது.

அம்மன் கோயில் தெருவுக்கு வாருங்கள். மாங்காடு காமாட்சி ஐந்து தீயின் நடுவே ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தவள் என்பது தலபுராணம். ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வந்து வேண்டிக்கொள்கிறவர்கள் கூட்டம் எப்போதும் உண்டு. வேண்டுதல் நிறைவேறியவர்கள் புடவை சாத்துவார்கள். காஞ்சிபுரம் கூப்பிடு தூரத்தில் இருந்தும், நான் பார்த்தவரை தட்டில் வருவதில் அசல் பட்டு கொஞ்சம். பெரும்பாலும் சிந்தடிக் புடவைகள்தான். கொடுப்பவரின் பக்தியில் அதனால் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதன் கரையில் மின்னுகிற ஜரிகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அசல் காஞ்சிபுரம் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றியது. அதற்காகவே காஞ்சிபுரத்தில் அரசின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இயங்குகிறது. மலிவுப் புடவையில் மின்னுவது மெட்டாலிக் ஜரிகை. மிக மெல்லிய பாலியஸ்டர் படலத்தின்மேல் அலுமினிய ஆவியைப் படியவைத்து, நிறமேற்றி, தலைமுடி போல நறுக்கி எடுத்தது. ஆக, உடலும் பாலியஸ்டர், கரையும் பாலியஸ்டர்.

சந்தேகம் இருந்தால் கடைக்காரர்கள் செய்வதுபோல ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்க்கலாம். பட்டு கருகினால் முடி கருகிய நாற்றம் வரும், தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியான சிறு மணியாக நின்றுவிடும்.

அந்த மணியை மனதில் வைத்துக்கொண்டு ஒன்று சொல்ல வேண்டும். பாலியஸ்டர் சுமார் 250, 260 டிகிரி வெப்பத்தில் உருகும். தீப்பிடித்த துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டால் காயம் ஆழமாகும். பிய்த்து எடுக்கப்போனால் தோலும் சேர்ந்து வரும். கோயிலில் வரிசையாக எரியும் நெய் விளக்குகளுக்கு நடுவே முந்தானை தொங்க நிற்கும்போதும், அடுப்படியிலும், தீபாவளிப் பட்டாசின்போதும் இதை நினைவில் வையுங்கள். பருத்தியும் எரியும்தான், வேகமாகவே எரியும். ஆனால் உருகி ஒட்டாது. அந்த நேரங்களில் பருத்தி உடுத்துங்கள். மீறித் தீப்பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒட்டியிருக்கும் துணியை நீங்களாகப் பிய்க்காதீர்கள், மருத்துவமனையில் எடுப்பார்கள்.

இனி, ஒரு திரவம் எப்படித் துணியாகிறது? பெட்ரோலியத்தில் இருந்தோ இயற்கை எரிவாயுவில் இருந்தோ எத்திலீன் என்ற வாயுவைப் பிரிக்கிறார்கள். அதை ஆக்சிஜனோடு சேர்த்து வெள்ளித்தூள் பதித்த வினையூக்கியின்மேல் செலுத்தினால் எத்திலீன் ஆக்சைடு கிடைக்கும். வெள்ளியால் இது நடக்கும் என்று கண்டவர் பிரான்சு நாட்டு லெஃபோர், ஆண்டு 1931. காஞ்சிப்பட்டின் கரைக்கு வேண்டிய அதே உலோகம்தான் பாலியஸ்டரின் பிறப்புக்கும் வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் படித்தபோது வியப்பாக இருந்தது. அந்த எத்திலீன் ஆக்சைடோடு தண்ணீர் சேர்ந்தால் எத்திலீன் கிளைக்கால்.

இந்த மூலக்கூறுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கைகள். பி.டி.ஏ. எனப்படும் டெரெப்தாலிக் அமிலத்துக்கும் இரண்டு கைகள். இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால், பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஆண், பெண், ஆண், பெண் என்று மாறி மாறிக் கைகோர்த்து நீள்வதுபோல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சங்கிலியாகும். ஒவ்வொரு பிடிப்பிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று வெளியேறும். சுமார் 280 டிகிரியில் தேன்போல் உருகி நிற்கும் அந்தச் சங்கிலிக் கூட்டத்தை நுண்ணிய துளைகள் வழியே பீய்ச்சி, குளிரவைத்து, இழுத்தால் இழை. அச்சில் ஊதினால் தண்ணீர் பாட்டில். பரப்பினால் ஜரிகைக்கும் பொட்டலத்துக்கும் ஆன படலம். ஒரு கிலோ பாலியஸ்டருக்கு ஏறக்குறைய 860 கிராம் அமிலமும் 340 கிராம் கிளைக்காலும் செலவாகும். நூறு கிராம் எடையுள்ள ஒரு பனியன் முழுப் பாலியஸ்டராக இருந்தால், அதில் ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி கிளைக்கால் அடங்கியிருக்கிறது. பயப்பட வேண்டாம். சங்கிலியில் கோர்க்கப்பட்டுவிட்ட பிறகு அது பழைய திரவம் இல்லை. அதை உடுத்துவதால் யாருக்கும் நஞ்சேறாது.

கிளைக்காலை முதலில் உண்டாக்கிப் பார்த்தவர் பாரிசில் இருந்த வேதியியலாளர் வூர்ட்ஸ், 1856இல். ஐம்பது அறுபது வருடம் அது ஆய்வகத்துக் குடுவையிலேயே இருந்தது. முதல் உலகப்போரில் வெடிமருந்துக்குக் கிளிசரின் போதாமல் போனபோதுதான் அதற்குப் பதிலாக இதை எடுத்தார்கள். போர் முடிந்தது, கார் ரேடியேட்டருக்குள் போனது. துணியாக மாறியது அதற்கும் பிறகு. 1941இல் இங்கிலாந்தில் காலிகோ பிரிண்டர்ஸ் என்ற துணி அச்சிடும் சங்கத்தின் ஆய்வகத்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் இந்தச் சங்கிலியை நூலாக இழுத்தார்கள். டெரிலின் என்று பெயர் வைத்தது ஐ.சி.ஐ. நிறுவனம். இந்தியாவுக்கு 1965இல் வந்தது. மும்பைக்குப் பக்கத்துத் தானேயில் ஆலை தொடங்கி டெரின் என்ற பெயரில் விற்றார்கள். நம் அப்பாக்கள் கல்யாணத்துக்கும் இன்டர்வியூவுக்கும் மட்டும் எடுத்துப் போட்ட டெரிலின் சட்டையின் காலம் அது. பணக்காரத் துணியாக வந்த ஒன்றைச் சந்தைத் துணியாக ஆக்கியது எண்பதுகள். ரிலையன்ஸின் பாதாளகங்கா ஆலை 1982இல் ஓடத் தொடங்கியது. பருத்தி கலந்த டெரிகாட்டன் அதன்பிறகு கிராமத்துத் திருவிழாக் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் எத்திலீன் கிளைக்கால் ஆலை கிடையாது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்கினாலும் இதன் மூலப்பொருளான எத்திலீனை அங்கே பெரிய அளவில் பிரிப்பதில்லை. நமக்கு வருவது குஜராத்திலும் பானிபட்டிலும் உள்ள ஆலைகளிலிருந்தும், வளைகுடாவிலிருந்து கப்பலிலும். உத்தரகண்ட் மாநிலம் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் என்ற நிறுவனம் சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸில் இருந்து எடுத்த சாராயத்தைக் கொண்டு இதைத் தயாரிக்கிறது. பெட்ரோலியம் இல்லாமல், கரும்பிலிருந்து பாலியஸ்டர்! கரும்பு விளைகிற விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் இந்த யோசனை ஏன் இன்னும் வரவில்லை என்று நான் கேட்பதுண்டு. தண்ணீர்க் கணக்குப் போட்டால் அவ்வளவு எளிதில்லை என்று வேளாண்மை தெரிந்த நண்பர்கள் சொல்கிறார்கள். ஒருநாள் விரிவாக எழுதச் சொல்ல வேண்டும்.

மணலியில் இருப்பது இதன் உறவுக்காரர்: புரோப்பிலீன் கிளைக்கால். மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் அதைத் தயாரிக்கிறது. பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதுவும் நிறமற்றது, பிசுபிசுப்பானது, இனிப்பானது. ஆனால் இதை உணவிலும் மருந்திலும் அளவோடு சேர்க்கலாம், உடம்பு தாங்கும். தயவுசெய்து இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் வேண்டியிருக்கும்.

நமது பகுதியில் எத்திலீன் கிளைக்காலைத் திரவமாகவே தினமும் கையாள்கிறவர்கள் மெக்கானிக்குகள். மாங்காட்டிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலை ஏறினால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே ஹூண்டாய் ஆலை 1998இல் முதல் காரை வெளியே விட்டதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை வாகனத் தொழில் பரவியிருக்கிறது. அங்கிருந்து வெளியேறும் ஒவ்வொரு காரின் ரேடியேட்டரிலும் கூலன்ட் என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் கிளைக்காலும் தண்ணீரும், கூடவே துருப்பிடிக்காமல் காக்கும் மருந்துகளும். பாதிக்குப் பாதி கலந்தால் பனிப்பிரதேசத்தில் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. சென்னையில் உறைவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நமக்கு வேண்டியது அதன் இன்னொரு குணம். வெறும் தண்ணீர் நூறு டிகிரியில் கொதித்துவிடும். இந்தக் கலவை அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும். மே மாத வெயிலில் போரூர் சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும் வண்டிக்கு அது போதுமான காரணம். காரின் சீட் பெல்ட் பாலியஸ்டர், சீட் துணி பாலியஸ்டர், டயருக்குள் பின்னியிருக்கும் கயிறும் பல கார் டயர்களில் பாலியஸ்டர். மின்சாரக் கார் வந்தாலும் கிளைக்கால் விடைபெறப்போவதில்லை. பல மின்சாரக் கார்களில் பேட்டரியைக் குளிரவைப்பதும் கிளைக்கால் கலந்த நீர்தான். பெயின்ட், பிசின், அச்சு மை, கட்டடத்து ஏசியின் சில்லர் என்று இன்னும் நிறைய இடங்களில் இருக்கிறது; அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள்: பழைய கூலன்ட்டைத் திறந்து அப்படியே தரையில் ஓடவிடுவார்கள். சாயமேற்றிய அது பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஓடி மழைநீர்க் கால்வாயில் சேரும். குன்றத்தூர் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. சென்னை குடிக்கிற தண்ணீர். கிளைக்கால் மண்ணிலும் நீரிலும் நுண்ணுயிர்களால் சில நாட்களில், வாரங்களில் சிதைந்துவிடும் என்பது ஆறுதல். ஆனால் சிதையும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீனுக்கு மூச்சுமுட்டும். எஞ்சினிலிருந்து கரைந்துவந்த உலோகங்களும் அதோடு சேர்ந்தே போகின்றன. தெருநாய்கள் அந்த இனிப்புக்கு நக்கிவிட்டு இரண்டு நாளில் சாவது உலகமெங்கும் கால்நடை மருத்துவர்கள் அறிந்த விஷயம். பழைய ஆயிலைப் பீப்பாயில் பிடித்து வைத்து விற்கத் தெரிந்த நம் பட்டறைகளுக்கு, கூலன்ட்டுக்கும் ஒரு கேன் வைப்பது பெரிய காரியம் அல்ல. தொழிற்பேட்டைச் சங்கங்கள் முன்வந்து மொத்தமாக எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தால் நாளைக்கே நடக்கும்.

வீட்டில் இன்னொரு பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். ஐந்து லிட்டர் கூலன்ட் வாங்கி, மீந்ததைக் காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி மாடிப்படி அடியில் வைப்பது. நிறம் சர்பத் போல இருக்கும். பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வந்த கேனிலேயே, மேலே ஒட்டிய தாள் கிழியாமல், எட்டாத இடத்தில் வையுங்கள். உடம்புக்குள் போன எத்திலீன் கிளைக்கால் முதலில் குடிபோதை போலத் தள்ளாடவைக்கும். கல்லீரல் அதை உடைக்க உடைக்க ஆக்சாலிக் அமிலமாகி, சுண்ணாம்புச்சத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். குடித்துவிட்டது தெரிந்தால் வாந்தி எடுக்கவைக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், கேனையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். மாற்று மருந்து இருக்கிறது. முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

இப்போது, எழுதக் கை தயங்குகிற இடத்துக்கு வருகிறேன்.

எத்திலீன் ஆக்சைடும் தண்ணீரும் சேரும்போது பத்தில் ஒன்பது பங்கு எம்.இ.ஜி. கிடைத்தால், மீதியில் பெரும்பகுதி டை எத்திலீன் கிளைக்காலாக ஒதுங்கும். சுருக்கமாக டி.இ.ஜி. வீணாகப் போவதில்லை, பிசின், மை, ரப்பர் என்று அதற்கும் தொழிற்சாலையில் இடம் உண்டு. மலிவான சரக்கு. இதுவும் நிறமற்றது, கெட்டியானது, இனிப்பானது. சிரப் தயாரிக்கிறவர்கள் வாங்க வேண்டிய புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் இதே போலத்தான் இருக்கும். டிரம்மைத் திறந்து பார்த்தாலோ முகர்ந்தாலோ கண்டுபிடிக்க முடியாது. சோதனை ஒன்றுதான் வழி.

நமது சுங்குவார்சத்திரம் உங்களுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் வருகிற ஊர். அங்கே ஸ்ரீசன் என்ற சிறிய மருந்து நிறுவனம் தயாரித்த கோல்ட்ரிஃப் இருமல் சிரப் 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்துவாரா மாவட்டத்துக்குப் போனது. சளி, காய்ச்சல் என்று அதைக் குடித்த சிறு குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது, சிறுநீரகம் செயலிழந்தது. 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அக்டோபர் தொடக்கத்தில் தகவல் வந்ததும் நமது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையில் மாதிரி எடுத்து ஓரிரு நாளில் சோதித்துச் சொன்னது: சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1. விற்பனை தடை செய்யப்பட்டது, உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார். ஆய்வுக்குப் போனவர்கள் கண்ட குறைகள் 350க்கும் மேல். மருந்துத் தரம் இல்லாத புரோப்பிலீன் கிளைக்காலை வாங்கிப் பயன்படுத்தியதும் அதில் ஒன்று.

சோதனை இரண்டு நாளில் முடிந்தது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். இரண்டு நாளில் கண்டுபிடிக்க முடிகிற ஒன்று, ஆலையை விட்டு வெளியேறுவதற்கு முன் ஏன் கண்டுபிடிக்கப்படவில்லை? டி.இ.ஜி.யைப் பிடிக்க வெளிநாட்டுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முதற்கட்டத்துக்கு மெல்லிய படலத் தகட்டில் செய்கிற எளிய சோதனை போதும். கல்லூரி ஆய்வகத்தில் வேதியியல் மாணவர்கள் செய்வது. வந்த டிரம்மில் ஒரு துளியும், தயாரான சிரப்பில் ஒரு துளியும் எடுத்துப் பார்த்திருந்தால் அந்தக் குழந்தைகள் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். இதில் விதியைக் காரணம் சொல்ல இடமே இல்லை.

இது புதிதும் அல்ல. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு என்ற மருந்தை டி.இ.ஜி.யில் கரைத்து விற்று 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விற்பதற்கு முன் மருந்து பாதுகாப்பானது என்று நிரூபித்தாக வேண்டும் என்ற சட்டம் மறு ஆண்டே அங்கே வந்தது. நம் சென்னையிலேயே, 1972இல், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் சிரப் ஒன்றில் இதே நஞ்சு கலந்து பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். ஜம்முவின் ராம்நகரில் 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும். 2022இல் காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும், இந்தியாவில் தயாரான சிரப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்ட குழந்தைச் சாவுகள். ஒவ்வொரு முறையும் அதே திரவம், அதே சிறுநீரகம், அதே மாதிரி விசாரணை. எழும்பூரில் நடந்ததை நாம் ஊராகச் சேர்ந்து நினைவில் வைத்திருந்தால் சுங்குவார்சத்திரத்தில் ஒருவராவது டிரம்மைப் பார்த்து யோசித்திருப்பார் என்று நான் நம்புகிறேன். பாடப்புத்தகத்திலும், மருந்தாளுநர் படிப்பிலும், தொழிற்பேட்டைப் பயிற்சியிலும் அது ஒரு பாடமாக இல்லாததுதான் என் ஆற்றாமை.

இந்தக் கோபத்தில் கிளைக்காலையே வில்லனாக்கிவிடவும் கூடாது. ஆவடிச் சீருடையில் அது நல்ல வேலைக்காரன். ரேடியேட்டரில் நல்ல வேலைக்காரன். மருந்துத் தொட்டிக்குள் நுழையவிட்டது மனிதர்கள். தொழிற்சாலைத் தரம், மருந்துத் தரம் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கிற விலை வித்தியாசத்தைப் பார்த்து யாரோ ஆசைப்பட்டார்கள். யாரோ கேள்வி கேட்காமல் வாங்கினார்கள். யாரோ கையெழுத்துப் போட்டார்கள்.

பெற்றோர்களுக்கு: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் கொடுக்கவே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறது. பெரும்பாலான சளி தானாகவே போய்விடும். போன தடவை கொடுத்த பாட்டிலில் மீதி இருக்கிறதே என்று எடுத்து ஊற்றாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் வாயால் கேட்டு வாங்காதீர்கள். சிரப் குடித்த குழந்தை வாந்தியெடுத்துச் சோர்ந்து, சிறுநீர் போவது குறைந்தால், காலை வரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்; பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனது கனக்கிற செய்தியோடு உங்களை அனுப்ப விருப்பமில்லை. கரூரில் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் என்ற நிறுவனம் தூக்கியெறிந்த தண்ணீர் பாட்டில்களை வாங்கி, நொறுக்கி, உருக்கி, மறுபடி இழையாக்கித் துணி நெய்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீல மேல்சட்டை அந்தத் துணிதான். நம் தெருக்காரர் காயலான் கடையில் எடைக்குப் போடுகிற பாட்டில் சட்டையாகலாம். இன்னொரு வழியும் உண்டு. பழைய பாலியஸ்டரை எம்.இ.ஜி.யிலேயே போட்டுச் சூடாக்கினால், கோர்த்த சங்கிலி கழன்று சிறு துண்டுகளாகிவிடும். அதைச் சுத்தம் செய்து மறுபடி புதிய பாலியஸ்டராக்கலாம். கட்டவும் அதே திரவம், அவிழ்க்கவும் அதே திரவம். அம்பத்தூர், ஆவடித் தையலாலைகளில் தினமும் விழும் வெட்டுத்துணிக்கு இப்படி ஒரு வழி பிறந்தால், நம் பக்கத்துக் காலி மனைகளில் துணி எரிகிற புகை குறையும். கலப்புத் துணியைப் பிரிப்பது இன்னும் கடினம் என்பதால் உடனே நடக்கும் என்று சொல்லமாட்டேன். தனிப் பாலியஸ்டர் துண்டுகளையாவது தனிச் சாக்கில் போடத் தொடங்கலாம். வெட்டுகிற இடத்திலேயே செய்தால் செலவில்லை.

அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அதை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைபார்க்கும் சகோதரிகள், வெட்டுத்துணி எங்கே போகிறது என்று எழுதுங்கள். மெக்கானிக் தம்பிகள், பழைய கூலன்ட்டை என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். மருந்துக் கம்பெனிகளில், கெமிக்கல் குடோன்களில் டிரம் உருட்டுகிறவர்கள், இறக்குகிறவர்கள், பில் போடுகிறவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். டிரம்மின்மேல் ஒட்டிய தாளை உங்கள் இடத்தில் யார் படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். கடிதம் தமிழில் இருந்தால் போதும், கையெழுத்துச் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பெயர் வேண்டாம் என்று குறிப்பிட்டால் பெயரையும் கம்பெனியையும் வெளியிடமாட்டோம். இருபதாம் தேதிக்குள் கிடைத்தால் அச்சுக்குப் போவதற்கு முன் எல்லாவற்றையும் நானே படித்துவிடுவேன்.

அன்புடன்,
ஆசிரியர்
மாங்காடு